பாப்பாவுக்கு, அந்த 38 சதவீதத்தைப் பற்றி

பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு மியூச்சுவல் ஃபண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்தேன். போனில் பேசினால் மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை புனேயில் உனக்கு வேலை ஒன்றும் இருக்காது, உட்கார்ந்து பொறுமையாகப் படி.

மாசம் 15,000 போடப்போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்பாவுக்குத்தான் பயம், ஷேர் மார்க்கெட் என்கிற வார்த்தையைக் கேட்டதிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இடிக்கிற இடம் ஒன்றுதான். இந்த நாலையும் எப்படி எடுத்தாய் என்று கேட்டதற்கு, "மூணு வருஷ ரிட்டர்ன் எதுல அதிகமோ அதை மேலேருந்து வரிசையா எடுத்தேன்மா" என்றாய் பார், அங்கேதான்.

முதலில் இருக்கிற ஸ்மால்கேப் ஃபண்டுக்கு (சின்னக் கம்பெனிகளின் பங்கை வாங்குவது) எதிரே பச்சை எழுத்தில் 38% என்று போட்டிருக்கிறது. நீ என்ன கணக்குப் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 38 சதவீதம் என்றால் 1 லட்சம் மூணு வருஷத்தில் 2 லட்சத்து 62 ஆயிரம் ஆகும், அதே வேகத்தில் பத்து வருஷம் போனால் 25 லட்சம். கூட்டல் பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் அந்த 38 யாருக்கு வந்தது? மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட தேதியில் மொத்தமாகப் பணத்தைப் போட்டு, நடுவில் ஒரு தடவைகூட கை வைக்காமல், நேற்றைய விலைக்கு எடுக்கிற ஒருத்தருக்கு. அப்படி ஒருத்தர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். மாசாமாசம் போடப்போகிற உனக்கு அந்த எண் பொருந்தாது, இனிமேல் போடப்போகிறவளுக்கு அது வாக்குறுதியும் இல்லை.

ஒரு நிஜக் கணக்கு சொல்கிறேன். 2020 ஜனவரி நடுவில், பெரிய கம்பெனிகளின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் குறியீடான சென்செக்ஸ் 42,000-க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஒரு வருஷம் கழித்து, 2021 ஜனவரி நடுவில், 49,500-ஐ ஒட்டி. அதாவது ஒரு வருஷத்தில் சுமார் 18 சதவீதம். சரி, நல்ல வருஷம்தான். இப்போது ரெண்டு மாசம் தள்ளிப் பார். 2020 மார்ச் 23, ஊரடங்கு வரப்போகிற நேரம், ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து சென்செக்ஸ் 26,000-க்குக் கீழே போய் நின்றது. அங்கிருந்து ஒரு வருஷம் கழித்து, 2021 மார்ச் 23-ல், 50,000-ஐ ஒட்டி. அதே ஒரு வருஷம்தான், ஆனால் இப்போது 90 சதவீதத்துக்கு மேல்! முடிந்த இடம் ரெண்டும் ஏறக்குறைய ஒன்று, 49,500-க்கும் 50,000-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம்பித்த இடம் மட்டும்தான் வேறு. 2021 ஏப்ரல் வாக்கில் அந்தப் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்கு எல்லா ஃபண்டும் தங்கமாகத்தான் தெரிந்திருக்கும், சுமாரான ஃபண்டுகூடப் பெரிய எண்ணைத்தான் காட்டியது.

காசிமேட்டில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. தடை முடிந்து முதல் தடவை போன படகு நிறைய மீனோடு வந்து நிற்கும். அந்த வாரத்து மீன்பாட்டை (பிடித்து வந்த மீனை) மட்டும் பார்த்துவிட்டு, இந்தப் படகு வருஷம் முழுக்க இப்படித்தான் கொண்டுவரும் என்று யாராவது பங்கு கேட்டு முன்பணம் கொடுத்தால் ஏலக்காரர்கள் சிரிப்பார்கள். விழுந்து கிடந்த நாளிலிருந்து அளந்த ரிட்டர்னும் அந்த வாரத்துப் பாடுதான். அதனால் எந்த ரிட்டர்னைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இதன் ஆரம்பத் தேதி எது, அன்றைக்கு மார்க்கெட் எப்படி இருந்தது. உன் பட்டியலில் இருக்கிற மூணு வருஷமும் ஒரு ஆரம்பப்புள்ளியிலிருந்து அளந்ததுதான். ஆப்பில் அந்தத் தேதியை ஆறு மாசம் முன்னால் நகர்த்து, ஆறு மாசம் பின்னால் நகர்த்து, 38 என்பது எப்படியெல்லாம் மாறுகிறது என்று நீயே பார்.

இதைச் சரியாகச் செய்வதற்குத்தான் ரோலிங் ரிட்டர்ன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மூணு வருஷத்தைப் பார்க்காமல், கடந்த பத்து பதினஞ்சு வருஷத்தில் எந்த நாளில் போட்டிருந்தாலும் மூணு வருஷம் கழித்து என்ன ஆகியிருக்கும் என்று எல்லா நாளுக்கும் கணக்கிட்டு, அதில் அதிகபட்சம், குறைந்தபட்சம், நடுவில் எவ்வளவு என்று காட்டுவது. இலவசமாகவே சில தளங்களில் கிடைக்கிறது. அதில் நீ பார்க்க வேண்டியது குறைந்தபட்சம் என்கிற கட்டத்தை. அதிகபட்சத்தை எல்லாரும் விளம்பரத்தில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு சின்னக் குழப்பம், உன் ரெண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. அதில் 5 வருஷத்துக்கு 150% என்று இருக்கிறதே, அது வருஷத்துக்கு 30 இல்லை. 1 லட்சம் 2.5 லட்சம் ஆனது, அவ்வளவுதான். கூட்டுவட்டியாகப் பார்த்தால் வருஷத்துக்கு 20 சதவீதம். 20 என்பதே பெரிய விஷயம், நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஒரு இடத்தில் மொத்த வளர்ச்சியும் இன்னொரு இடத்தில் வருஷ வளர்ச்சியும் காட்டினால் ரெண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்க்கவே கூடாது. நீ எஸ்.ஐ.பி. (மாசாமாசம் ஒரே தொகையைப் போடுவது) ஆரம்பித்த பிறகு இன்னொரு குழப்பமும் வரும். மாசம் 10,000 வீதம் ஒரு வருஷம் போட்டு 1 லட்சத்து 20 ஆயிரம் கட்டியிருப்பாய், கணக்கில் 1 லட்சத்து 30 ஆயிரம் இருக்கும், 8 சதவீதம்தானே என்று தோன்றும். முதல் மாசப் பணம்தான் முழு வருஷம் உள்ளே இருந்தது, கடைசி மாசப் பணம் ஒரு மாசம்தான் இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது வருஷத்துக்கு 15-ஐ ஒட்டி வரும். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று ஆப்பில் தனியாக இருக்கும், அதுதான் இந்தக் கணக்கு.

எதிர்வீட்டுப் பெரியவர் இருக்கிறாரே, திருவொற்றியூரில் முப்பது வருஷத்துக்கு முன்னால் 2 லட்சத்துக்கு வாங்கிய மனை இப்போது 60 லட்சம் என்று கல்யாண வீடு, சாவு வீடு எதையும் விடாமல் சொல்வாரே, அதைக் கணக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று நினைக்கிறாய்? வருஷத்துக்கு 12 சதவீதம். முப்பது மடங்கு என்று கேட்கும்போது வாய் பிளக்கிறோம், 12 என்றால் ப்பூ என்கிறோம், ரெண்டும் ஒன்றுதான். அதிலும் பத்திரச் செலவு, வேலி போட்டது, வரி கட்டியது எதையும் அவர் கழிக்கவில்லை. அப்புறம் அவரோடு சேர்ந்து அதே காலத்தில் மணலிப் பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்தில் மனை வாங்கியவர்களும், பட்டா தகராறில் மாட்டி இன்னும் கோர்ட்டுக்கு நடக்கிறவர்களும் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஃபண்டு பட்டியலிலும் இதுதான் நடக்கிறது. நீ பார்க்கிற பட்டியலில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற திட்டங்கள் மட்டும்தான் இருக்கின்றன. சரியாக ஓடாத திட்டத்தை இன்னொன்றோடு இணைத்துவிடுவார்கள், இல்லை மூடிவிடுவார்கள், அதன் பழைய கணக்கும் அதோடு கண்ணிலிருந்து போய்விடும். மிச்சம் நிற்பதை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் நன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பத்து வருஷக் கணக்கு என்று போட்டிருந்தால் பத்து வருஷமும் அது இதே ஃபண்டாக இருந்ததா என்று பார். 2017 அக்டோபரில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு உத்தரவு போட்டது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனி லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251-லிருந்து ஸ்மால்கேப், பெரும்பாலான வகைகளில் ஒரு ஃபண்டு நிறுவனம் வகைக்கு ஒரு திட்டம்தான் வைக்கலாம் என்று. அதற்கு முன்னால் பெயர் ஒன்று, உள்ளே வாங்குவது வேறொன்று என்று இருந்த பல திட்டங்கள் 2018-ல் பெயரையும் வகையையும் மாற்றிக்கொண்டன. அப்படி மாறிய ஃபண்டின் அதற்கு முந்தைய ரிட்டர்ன் வேறொரு திட்டத்தின் ரிட்டர்ன் என்றே வைத்துக்கொள். ஃபண்டு மேனேஜரும் அப்படித்தான். நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவர் போன வருஷம் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், அவர் சம்பாதித்த அஞ்சு ஸ்டார் மட்டும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபண்டு நிறுவனம் வெளியிடும் விவரத்தாளான ஃபாக்ட்ஷீட்டில் மேனேஜர் பெயருக்குப் பக்கத்தில் எப்போதிலிருந்து என்று போட்டிருப்பார்கள், ஒரு நிமிஷ வேலை.

ஸ்மால்கேப்பில் அளவும் முக்கியம். 500 கோடி வைத்திருக்கும்போது சின்னக் கம்பெனிகளில் நுழைவதும் வெளியேறுவதும் எளிது, அதே ஃபண்டுக்கு நல்ல ரிட்டர்னைப் பார்த்து ஜனங்கள் பல ஆயிரம் கோடியைக் கொட்டிய பிறகு அது அவ்வளவு எளிதில்லை. நல்ல ரிட்டர்னே அடுத்த ரிட்டர்னுக்கு இடைஞ்சலாகிவிடும். 2024 மார்ச்சிலிருந்து மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் எல்லாம் தங்கள் கையில் இருப்பதில் கால்வாசியை விற்க எத்தனை நாள் ஆகும், பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிட வேண்டும். உன் முதல் ஃபண்டுக்கு அதைத் தேடிப் பார். 38-ஐப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதை அவ்வளவு பெரிதாகப் போடமாட்டார்கள்.

சரி, நீ கேட்பாய், பழைய கணக்கால் ஒன்றுக்கும் உபயோகம் இல்லையா, அப்புறம் எதை வைத்துத்தான் எடுப்பது என்று. உபயோகம் இருக்கிறது பாப்பா, நிறைய இருக்கிறது, ஆனால் நீ பார்த்த பக்கத்தில் இல்லை. ஜவுளிக்கடையில் அத்தனை வருஷம் கணக்கு எழுதியவள் நான், தீபாவளி மாச விற்பனையைப் பார்த்து எந்த முதலாளியும் கடைக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று முடிவு செய்வதில்லை, ஆடிக்கு முந்தின மாசத்தைத்தான் புரட்டுவார்கள். வரப்போகிற லாபத்தைப் பழைய கணக்கு சொல்லாது. ஆனால் இந்த மாதிரி முதலீடு எவ்வளவு ஆழம் விழும், விழுந்தால் எத்தனை காலம் கிடக்கும் என்பதை அது நன்றாகவே சொல்லும்.

பி.எஸ்.இ. (மும்பை பங்குச்சந்தை) ஸ்மால்கேப் குறியீட்டையே எடுத்துக்கொள். 2008 ஜனவரியில் அது 14,000-ஐத் தாண்டியிருந்தது. 2009 மார்ச்சில் 3,000-க்குக் கிட்ட. 1 லட்சம் 20 ஆயிரத்து சொச்சம் ஆனது என்று வைத்துக்கொள். மறுபடி 14,000-ஐப் பார்த்தது 2017-ல். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது விழுந்தது, காலேஜ் வந்த பிறகுதான் எழுந்தது. அந்த 2017-ல் மட்டும் அது ஏறக்குறைய 60 சதவீதம் ஏறியது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டம் உள்ளே வந்தது. 2018-ல் 23 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, 2020 மார்ச் வந்தபோது 2018 ஜனவரி உச்சத்தில் பாதிகூட இல்லை. அதற்கப்புறம் ஏறியது, பல மடங்கு ஏறியது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அப்பா இந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாயா என்பார்.

பெரிய கம்பெனிகள் என்றால் பரவாயில்லையா என்றால், அங்கேயும் சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 20,800-க்கு மேல் முடிந்தது, 2009 மார்ச்சில் 8,160. அறுபது சதவீதம் போய்விட்டது. 2010 தீபாவளி சமயத்தில் ஒரு தடவை பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப இறங்கி, 2013 கடைசி வரைக்கும் அதற்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஜப்பானில் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். நம்ம நாடு ஜப்பான் இல்லை என்று யூடியூப் தம்பிகள் சொல்வார்கள், இருக்கலாம், ஆனால் 1989-ல் ஜப்பான்காரர்களுக்கும் பழைய முப்பது வருஷக் கணக்கு அற்புதமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு எளிய சோதனை. உன்னுடைய 15,000 ரெண்டு வருஷத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகியிருக்கும், அது ஆறே மாசத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள், அதே சமயம் உன் ஆபீசிலும் ஆள் குறைக்கிறார்கள் (இந்த ரெண்டும் பெரும்பாலும் சேர்ந்துதான் வரும்). அடுத்த மாசம் 15,000 போடுவாயா? போடுவேன் என்றால் ஸ்மால்கேப்பில் கொஞ்சம் இருக்கட்டும். தெரியாது என்றால் கொஞ்சத்திலும் கொஞ்சமாக இருக்கட்டும். 50 சதவீதம் இறங்கியதை மீட்க 50 ஏறினால் போதாது, 100 ஏற வேண்டும். ஒரு வருஷம் 60 ஏறி அடுத்த வருஷம் 40 இறங்கினால் சராசரி 10 என்று தோன்றும், ஆனால் 100 ரூபாய் 160 ஆகி 96 ஆகியிருக்கும்.

இந்த விழும் ஏறும் விளையாட்டில் ஃபண்டு சம்பாதிப்பது ஒன்று, அதில் போட்டவர்கள் சம்பாதிப்பது வேறொன்று. அமெரிக்காவில் சிஜிஎம் ஃபோகஸ் என்று ஒரு ஃபண்டு, 2000-லிருந்து 2009 வரைக்கும் வருஷத்துக்கு 18 சதவீதம் கொடுத்தது, அந்தப் பத்து வருஷத்தில் அங்கே அந்த வகையில் முதலிடம். அதே பத்து வருஷத்தில் அதில் பணம் போட்டவர்களுக்குச் சராசரியாக வருஷத்துக்கு 11 சதவீதம் நஷ்டம் என்று ஃபண்டுகளை ஆராயும் மார்னிங்ஸ்டார் நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. எப்படி? 2007-ல் அது 80 சதவீதம் ஏறியது, அதைப் பார்த்து எல்லாரும் ஓடிவந்து போட்டார்கள், 2008-ல் 48 சதவீதம் இறங்கியது, பயந்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஃபண்டின் பக்கத்தில் 18 என்று அழகாக நின்றது. இந்தக் கதையை நான் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் புரிந்த ஒரே விஷயம் அமெரிக்காக்காரனும் நம்மைப் போலத்தான் என்பது. தப்பில்லை.

நீண்ட காலமாக ஓடுகிறது என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. யு.எஸ்.64 என்று ஒரு திட்டம், 1964-ல் யூனிட் டிரஸ்ட் தொடங்கியது, முப்பது வருஷத்துக்கு மேல் வருஷாவருஷம் லாபப்பங்கு கொடுத்துக்கொண்டிருந்தது, அந்தக் காலத்தில் ரிட்டையர் ஆனவர்கள் வீட்டில் எல்லாம் அதன் பத்திரம் இருக்கும். 2001 ஜூலையில் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாசத்துக்கு நிறுத்திவிட்டார்கள், கடைசியில் அரசாங்கம் தலையிட வேண்டியிருந்தது. அங்கே பழைய ரிட்டர்ன் நன்றாக இருந்தது, ஆனால் அது எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தினசரி என்.ஏ.வி.யும் (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) அதற்குக் கிடையாது.

இதையே திருட்டுத்தனமாகச் செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொஞ்ச வருஷம் முன்னால் நம்ம தண்டையார்பேட்டையிலேயே 1 லட்சம் போட்டால் மாசம் 30,000 வட்டி என்று ஒரு கூட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா. நான் வேண்டாம் என்றபோது பக்கத்துத் தெரு அக்கா என்னிடம் காட்டியது பேங்க் பாஸ்புக்கை. "இதோ பாரு, மாசாமாசம் கரெக்டா வந்திருக்கு." வந்திருந்தது, பொய்யில்லை. அடுத்து வந்தவர்கள் போட்ட பணத்தை எடுத்து முன்னால் வந்தவர்களுக்கு வட்டியாகக் கொடுத்தால் எல்லாம் கரெக்டாகத்தான் வரும். அந்த நம்பிக்கையில் நகையை அடகு வைத்து இன்னும் போட்டார்கள். டெலிகிராமில் லாப ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவனும் இதே வகைதான், பத்து பேருக்குப் பத்து விதமாகச் சொல்லிவிட்டு எது பலித்ததோ அதன் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொள்வான். எதுவும் கேட்காமல் பிளாக் பண்ணு.

உன் மூணாவது ஸ்கிரீன்ஷாட் எனக்குப் பிடித்தது, மொமெண்டம் இன்டெக்ஸ் ஃபண்டு (சமீபத்தில் வேகமாக ஏறிய பங்குகளின் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது), 2005-லிருந்து நிஃப்டியை (50 பெரிய கம்பெனிகளின் குறியீடு) எப்படி முந்தியிருக்கிறது என்று அழகான கோடு. ஆனால் நிஃப்டி200 மொமெண்டம் 30 என்கிற குறியீடே 2020-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதினஞ்சு வருஷத்தை, அப்போது இந்த விதிகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் உட்கார்ந்து கணக்கிட்டிருக்கிறார்கள். ஏமாற்று இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனால் பின்னால் உட்கார்ந்து போடும்போது நன்றாக ஓடாத விதியை யார் வெளியே கொண்டுவருவார்கள்? அந்தக் கோட்டில் 2020-க்குப் பிறகு இருப்பதை மட்டும் நடந்ததாக எடுத்துக்கொள்.

எந்த ஃபண்டையும் தனியாகப் பார்க்காதே, அதன் பெஞ்ச்மார்க்கோடு, அதாவது அதை ஒப்பிட வேண்டிய குறியீட்டோடு பார். எல்லாம் ஏறிய காலத்தில் 25 கொடுத்த ஃபண்டு, அதன் குறியீடு 28 கொடுத்திருந்தால் தேறவில்லை என்றுதான் அர்த்தம். ஃபாக்ட்ஷீட்டில் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், போடவேண்டும் என்பது விதி. குறியீட்டுக்குப் பக்கத்தில் டி.ஆர்.ஐ. என்று இருக்கிறதா பார், அது கம்பெனிகள் கொடுக்கிற டிவிடெண்டையும் சேர்த்தது. 2018 பிப்ரவரியிலிருந்து அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி சொல்லிவிட்டது, அதற்கு முன்னால் டிவிடெண்ட் இல்லாத குறியீட்டோடு ஒப்பிட்டு நாங்கள் முந்திவிட்டோம் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய கணக்கில் திரும்பத் திரும்ப வரும் என்று நம்பக்கூடியது செலவு மட்டும்தான். லாபம் வரலாம், வராமல் போகலாம், கட்டணம் மட்டும் தினமும் கழியும். நீ அனுப்பியதில் ரெண்டு ஃபண்டு ரெகுலர் திட்டம், பெயருக்குக் கடைசியில் பார். அதில் நடுவில் இருப்பவருக்குக் கமிஷன் போகிறது. 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் திட்டம் இருக்கிறது, அதே ஃபண்டு, அதே மேனேஜர், கட்டணம் குறைவு. மாசம் 10,000 வீதம் இருபது வருஷம், 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1 கோடி, 11 சதவீதம் என்றால் 87 லட்சம். ஒரு சதவீதம் எவ்வளவு தின்கிறது பார். (இந்த 12, 11 ரெண்டும் கணக்குக்காக நான் போட்டவை, வரும் என்று சொல்லவில்லை.) இன்னொரு விஷயம், டைரக்ட் திட்டத்தில் "தொடங்கியதிலிருந்து" என்று போட்டிருந்தால் எவ்வளவு பழைய ஃபண்டாக இருந்தாலும் அது 2013-க்குப் பிந்தைய கணக்குதான், 2008 விழுந்தது அதில் இருக்காது. பழைய ஃபண்டு என்றால் ரெகுலர் திட்டத்தின் பக்கத்துக்குப் போய் 2008-ல் என்ன ஆனது என்று பார்த்துவிட்டு, டைரக்டில் போடு.

வரியையும் கழித்துக்கொள். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருஷத்தில் 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல் போகிற லாபத்துக்கு 12.5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20. 2024 ஜூலையில் மாற்றியது. அந்த 38, 25 எல்லாம் வரிக்கு முந்தைய எண்கள்.

இப்போது நீ செய்யவேண்டியது. 15,000-ல் பெரும்பகுதியை ஒரு சாதாரண நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் போடு. பார்க்க சுவாரசியமாக இருக்காது, பட்டியலில் கீழேதான் கிடக்கும், பரவாயில்லை. ஸ்மால்கேப் வேண்டும் என்றால் 2,000-லிருந்து ஆரம்பி, ஒரு பெரிய இறக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டலாமா என்று யோசி. மொமெண்டம் இப்போதைக்கு வேண்டாம். நாலாவது ஃபண்டு எதற்கு எடுத்தாய் என்றே புரியவில்லை, அதன் முதல் பத்து கம்பெனியில் பாதிக்கு மேல் ரெண்டாவதிலும் இருக்கிறது, ஒன்றை எடுத்துவிடு.

கல்யாணத்துக்கு என்று நீ சேர்த்து வைத்திருக்கும் 3 லட்சத்தை இதில் எதிலும் போடாதே, எஃப்.டி.யிலேயே கிடக்கட்டும், ஒன்றரை வருஷத்தில் வேண்டிய பணம் அது. தேதி குறித்தால் அப்போது மார்க்கெட் எங்கே இருக்கும் என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதற்கு அப்புறம் கே.ஒய்.சி. செய்யும்போது ஆதாரில் பழைய அட்ரஸ்தான் இருக்கிறது, நாமினியில் அப்பா பெயரைப் போடு, என் பெயரில் இனிஷியல் தப்பாக இருப்பதால் பின்னால் தொந்தரவு. நான் சொன்ன அந்த விற்க எத்தனை நாள் என்கிற விவரத்தைத் தேடி எடுத்தால் எனக்கும் அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா